கைக்குழந்தையோடு புதுத் தொழில்: இருக்கிற நேரம் முழுவதையும் விற்றுவிடாதீர்கள்

கேட்டவரின் நிலைமை இதுதான். குழந்தைக்கு 10 மாதம். நான்கு மாதத்துக்கு முன்னால், வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்கான உடைகளை ஆர்டரின் பேரில் தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் இரவு ஒரு மணி வரை மெஷினில் உட்கார வேண்டியிருக்கிறது, சொன்ன தேதிக்குக் கொடுக்க முடிவதில்லை, குழந்தை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தாலே எரிச்சல் வருகிறது, அப்புறம் அந்த எரிச்சலை நினைத்து அழுகை வருகிறது. கணவர் கேட்டால் செய்வார். "நேரத்தை எப்படித் திட்டமிடுவது? இல்லை, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நிறுத்தி வைத்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் அம்மாவும்கூட. அதனால் அந்தக் கண்ணோட்டத்திலிருந்துதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் இருக்கிற நேரத்தை ஒரு நிமிடம்கூட மிச்சம் வைக்காமல் விற்றுவிட்டீர்கள், அதுதான் நடந்திருக்கிறது. ஐந்து மணிக்கு எழுவது, வண்ண வண்ணமாக அட்டவணை போடுவது எதுவும் இதைச் சரிசெய்யாது. சொல்லப்போனால் அட்டவணை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உடையும்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதர், அழைப்புகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாதபோது எத்தனை இணைப்புகள் தேவைப்படும் என்று ஆராய்ந்து 1909ல் கட்டுரை வெளியிட்டார். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அதில் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொண்டால், வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நிச்சயமில்லாத இடத்தில், உங்கள் நேரத்தில் பாதியை மட்டும் நிரப்பினால் புதிதாக வரும் ஆர்டர் சராசரியாக ஒரு ஆர்டர் முடிகிற நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரப்பினால் நான்கு ஆர்டர் முடிகிற நேரம். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95க்குப் போனால் பத்தொன்பது. பார்த்தீர்களா, 80லிருந்து 90க்குப் போகும்போது வேலை கூடியது கொஞ்சம்தான், காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு ஆர்டர்தானே" என்று எடுத்ததும் அந்த வாரம் முழுக்கக் குலைந்துபோகிறதே, அதற்குக் காரணம் இதுதான், உங்கள் சோம்பல் இல்லை.

எல்லாத் தொழிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், சரி. ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நிச்சயமின்மை பல மடங்கு. குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், தூங்கினால் எத்தனை மணிக்கு எழும், இன்று காய்ச்சல் வருமா, பல் முளைக்கிற நச்சரிப்பு இந்த வாரமா அடுத்த வாரமா, எதுவும் தெரியாது. சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மோசமான மூன்று நாளை மட்டும் எடுத்தாலும் வருடத்தில் சுமார் 20 நாள் போய்விட்டது. அந்தச் சளி உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இதை எதிர்பாராத சிக்கல் என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது, தொழிலின் மாமூல் செலவுகளில் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது.

அதனால் முதல் வேலை, வாரத்தில் உங்களுக்கு உண்மையிலேயே எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணுவது. இங்கேதான் பலரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். குழந்தையின் பகல் தூக்கத்தை வேலை நேரமாக எண்ணாதீர்கள். வேறு ஒருவர் குழந்தையின் பொறுப்பில் இருக்கும் நேரம் மட்டுமே வேலை நேரம். பகல் தூக்கம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் யாருக்கும் வாக்குத் தவறக்கூடாது. அதை நம்பித் தேதி கொடுத்தால், குழந்தை கண் விழிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்கள் வாடிக்கையாளர் எழுந்து வந்து நிற்பது போலத் தோன்றும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, அந்தத் தூக்கம் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆரம்பித்தபோது குழந்தைக்கு ஆறு மாதம், அநேகமாகப் பகலில் மூன்று முறை தூங்கியிருக்கும். இப்போது இரண்டு முறை. ஒன்றேகால், ஒன்றரை வயது வாக்கில் பெரும்பாலான குழந்தைகள் ஒரே தூக்கத்துக்கு வந்துவிடுவார்கள். அதே சமயம் எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கி, அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழுகிற பருவம் வருகிறது. ஒரு வயதை ஒட்டி, ஒன்றரை வயது வரைகூட அது உச்சத்தில் இருக்கும். நான்கு மாதத்துக்கு முன்னால் அருமையாக ஓடிய ஏற்பாடு இப்போது ஓடவில்லை என்றால் நீங்கள் எதையோ கெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, குழந்தை வளர்ந்திருக்கிறது. நடக்க ஆரம்பித்ததும் இப்போதைய ஏற்பாடும் உடையும், ஆகவே எதையும் மூன்று மாதத்துக்கு மேல் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள்.

சரி, எண்ணிப் பார்த்ததில் வாரம் 20 மணி நேரம் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 14 மணி நேரத்தை மட்டும் விற்பனைக்கு வையுங்கள், அதாவது 70 சதவீதம். அந்த 14லும் முழுக்கத் தையல் நடக்காது. அளவு கேட்டு மெசேஜ், துணி வாங்குவது, பார்சல் கட்டுவது, படம் எடுத்துப் போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் இருக்கிறதே. இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கை இவை விழுங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆக மெஷினுக்கு மிஞ்சுவது ஒன்பது மணி நேரத்தை ஒட்டி. கட்டிங்கிலிருந்து பட்டன் வரை ஒரு உடைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஆறு உடை. ஆறுதான். நீங்கள் இப்போது எத்தனை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் இரவு ஒரு மணிக் கணக்கைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மிச்சம் வைத்த ஆறு மணி நேரம் சும்மா போய்விடுமே என்று தோன்றும். போகாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் அதுதான் உங்கள் தேதியைக் காப்பாற்றும். நல்ல வாரமாக அமைந்தால் அடுத்த வார ஆர்டரை முன்கூட்டியே வெட்டி வைக்கலாம், இல்லையென்றால் தூங்கலாம். தயவுசெய்து தூங்குங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னதால் அந்த ஒரு மணி விஷயத்துக்கு வருகிறேன். 2000ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் சில சோதனைகளில் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதற்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ இருந்ததாகக் கண்டது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் போடுகிற வரம்பு அது. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார், இடையில் குழந்தைக்காக எழுந்ததைக் கணக்கில் சேர்க்காமலே. அந்த நேரத்தில் துணியை வெட்டாதீர்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. விலை சொல்லாதீர்கள், புகார் செய்தவருக்குப் பதில் எழுதாதீர்கள், புது ஆர்டருக்கு "செய்து தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். மிகக் குறைவான விலைகள் இரவில்தான் சொல்லப்படுகின்றன என்பது நான் பல கணக்குப் புத்தகங்களில் பார்த்த சங்கதி. தவிர்க்கவே முடியாமல் ஓரிரு இரவு உட்கார்ந்தால், மடிப்பது, பெயர்ச்சீட்டு எழுதுவது, பார்சல் கட்டுவது போன்ற கைவேலையோடு நிறுத்துங்கள்.

இதிலிருந்தே அடுத்த விஷயம் வருகிறது. வேலைகளை முக்கியமானது, அவசரமானது என்று பிரிப்பதைவிட, நடுவில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடிகிற வேலை, எழுந்திருக்க முடியாத வேலை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு அந்தப் பிரிவுதான் உதவும். கட்டிங், கழுத்துப் பகுதி தைப்பது, விலை நிர்ணயிப்பது, துணி மொத்தமாக வாங்குவது, வாடிக்கையாளரோடு போனில் பேசுவது எல்லாம் இரண்டாவது வகை. இவற்றைக் குழந்தை வேறொருவரிடம் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள், முடிந்தால் ஒரே மூச்சில். ஆறு உடைக்கும் ஒரே நாளில் கட்டிங், அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் பக்கத் தையல் என்று வைத்துக்கொண்டால் நூல் மாற்றுவது, மெஷினைச் சரிசெய்வது போன்ற சில்லறை வேலையும் குறையும். முதல் வகையைப் பகல் தூக்கத்தின்போது செய்தால் போதும், நடந்தால் லாபம், நடக்காவிட்டால் நட்டமில்லை. குழந்தை விழித்து உங்களோடு இருக்கும்போது இந்த இரண்டு வகையில் எதுவும் வேண்டாம். குறிப்பாக ஊசி, குண்டூசி, பட்டன் எதையும் வெளியே எடுக்காதீர்கள். பத்து மாதக் குழந்தை எதைக் கண்டாலும் வாயில் போடும். மெஷின் இருக்கிற இடத்துக்கு மூடக்கூடிய கதவோ தடுப்போ கட்டாயம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

குறுக்கீடு வரும்போது ஒரு சின்ன உத்தி. பாதியில் விட்ட வேலை மனத்தை விட்டுப் போகாமல் அடுத்ததைக் கெடுக்கிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் எழுதினார். பின்னால் 2018ல் தெரேசா க்ளோம்ப் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், எழுந்து போவதற்கு முன்னால் எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம் குறித்துவிட்டுப் போனவர்கள் அடுத்த வேலையில் நன்றாகக் கவனம் செலுத்தியதாகக் கண்டார்கள். எனவே மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். "நீலச் சட்டை, இடது கை பாக்கி, நூல் மாற்ற வேண்டும்" என்று கிறுக்கிவிட்டு எழுந்திருங்கள். குழந்தை அழும்போது ஒரு நிமிடம் ஏது என்று கேட்பீர்கள். பத்து நொடி போதும், அதுகூட இல்லையென்றால் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டே நடக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, திரும்பி வந்தபிறகு மிச்சமாகும் நேரம்கூட இல்லை. குழந்தையிடம் போகும்போது தலைக்குள் அந்த இடது கை வராமல் இருக்கிறது பாருங்கள், அது.

அடுத்து வீட்டுக்காரர். "கேட்டால் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதே ஒரு வேலை. எப்போது கேட்பது, என்ன கேட்பது, செய்ததைச் சரிபார்ப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்றால் அவர் கை மட்டும்தான் வந்திருக்கிறது. அவரிடம் வேலைகளைக் கொடுக்காதீர்கள், நேரத்தைக் கொடுங்கள். உதாரணமாக வாரத்தில் நான்கு மாலை, ஆறிலிருந்து எட்டு வரை குழந்தை முழுக்க அவர் பொறுப்பு. சாப்பாடு, டயப்பர், அழுகை, டயப்பர் தீர்ந்துபோனால் வாங்கி வருவது உட்பட. அந்த நேரத்தில் நீங்கள் மாற்று உடை எடுத்து வைத்துவிட்டு, பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டுப் போகக்கூடாது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் ஓடிவரவும் கூடாது. முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும், குறிப்பாக இந்தப் பிரிவுப் பயம் இருக்கிற வயதில் குழந்தை அழத்தான் செய்யும். அவர் சமாளிக்கும் விதம் உங்கள் விதமாக இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்.

(தாய்ப்பால் கொடுக்கிறவர் என்றால், பிழிந்தெடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை இருக்கும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. இரண்டு மணி நேரம் ஒதுங்கியிருப்பதற்கு இது தடையாகாது.)

கணவரால் முடியாது அல்லது கணவர் இல்லை என்றால் குடும்பத்தில் வேறொருவர், அதுவும் இல்லையென்றால் காசு கொடுத்து ஆள். காசு என்று சொன்னதும் உடனே "என் லாபமே அவ்வளவுதானே, அதைக் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்" என்று வரும். இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை ஏன் அம்மாவின் வருமானத்திலிருந்து மட்டும் கழிக்க வேண்டும்? குழந்தை இரண்டு பேருடையது. வீட்டு வாடகையை யாரோ ஒருவர் தலையில் மட்டும் எழுதுவதில்லையே. குடும்பத்தின் மொத்த வரவிலிருந்து கழியுங்கள், அப்போது படம் வேறு மாதிரி தெரியும். அதோடு முதல் இரண்டு வருடம் அந்தச் செலவு மிச்சம் வைக்காவிட்டாலும், வாடிக்கையாளர்கள், பழகிய கை, தொழிலில் பெயர் ஆகியவை சேர்கின்றன. முழுநாள் ஆளும் தேவையில்லை. வாரம் மூன்று காலைப்பொழுது என்றாலே பத்து மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும்.

விலைக்கு வருவோம், என் பிழைப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஆறு உடை என்றால் வருமானம் பாதியாகிவிடுமே என்று இதற்குள் நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆர்டர் நிரம்பி வழிகிறது, சொன்ன தேதி தவறியும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் உங்கள் விலை குறைவு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு உடையை 100க்கு விற்கிறீர்கள், துணி, நூல், பார்சல், அனுப்பும் செலவு எல்லாம் 60, உங்களுக்கு மிஞ்சுவது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து உடைக்கு 400. இப்போது விலையைப் பத்து சதவீதம் ஏற்றி 110 ஆக்குங்கள். மிஞ்சுவது 50. எட்டே எட்டு உடை தைத்தாலும் அதே 400. விலையேற்றத்தால் ஐந்தில் ஒரு பங்கு ஆர்டர் போய்விட்டாலும் உங்களுக்குக் காசில் ஒரு குறையும் இல்லை, மூன்று மணி நேரம் மிச்சம். 20 சதவீதம் ஏற்றினால் ஏழு உடையிலேயே 420. "விலையை ஏற்றினால் ஆர்டர் குறைந்துவிடுமே" என்று பயப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, உங்களுக்கு இப்போது வேண்டியதே அதுதான்.

ஆனால் அந்த 60ல் உங்கள் உழைப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பத்து உடைக்கு ஆகிற மொத்த மணி நேரத்தை, மெசேஜ் பார்க்கிறது உட்பட, எழுதுங்கள். மிஞ்சுவதை அதனால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் கூலியைவிட அது குறைவாக இருந்தால் விலை தவறு, அல்லது அந்த உடை தவறு. சில மாடல்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கை வேலை அதிகம், எல்லோரும் அதையே கேட்பார்கள். அவற்றை நிறுத்திவிடுவதற்குத் தயங்காதீர்கள். மூன்று நான்கு மாடல், குறிப்பிட்ட அளவுகள் என்று வைத்துக்கொண்டால் கட்டிங் வேகமாகும், துணியும் வீணாகாது. ஆளுக்கொரு விருப்பப்படி தைத்துத் தருவது நேரத்தை மிச்சம் வைத்திருக்கிறவர்கள் செய்கிற தொழில், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாதி அட்வான்ஸ் வாங்காமல் துணியை வெட்ட வேண்டாம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. இந்த இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தேதி சொல்லும் விதத்தையும் மாற்ற வேண்டும். தையலுக்கு மூன்று நாள் ஆகும் என்றால் மூன்று நாளில் தருகிறேன் என்று சொல்லிவிடுகிறோம். வரிசையில் முன்னால் இருக்கிறவர்களும், குழந்தைக்கு வரப்போகிற சளியும் அந்தத் தேதியில் இல்லை. ஆறு உடை உங்கள் வார அளவு, கையில் ஏற்கெனவே ஒன்பது இருக்கிறது என்றால் புதிதாக வருகிறவருக்கு மூன்று வாரம் கழித்து ஒரு தேதி சொல்லுங்கள். அவசரமில்லாதவர்கள் காத்திருப்பார்கள், அவசரக்காரர் வேறிடம் போவார், போகட்டும். முன்னதாக முடிந்தால் முன்னதாக அனுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தாமதமாகும் என்று தெரிந்தால், அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே புதுத் தேதியோடு சொல்லிவிடுங்கள். "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று விளக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். என் அபிப்பிராயம், ஒரு வரியில் சொல்லலாம், மன்னிப்புக் கடிதமாக எழுத வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு உங்கள் கஷ்டத்தைவிடப் புதுத் தேதிதான் முக்கியம், அது அவர் கல்நெஞ்சம் என்பதால் அல்ல.

மெசேஜ்கள் தனி நோய். 2023ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் வருமான இடைவெளியில் பெரும்பகுதி இன்று முதல் குழந்தை பிறந்தபிறகுதான் உருவாகிறது என்று காட்டியவர். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கிறவருக்கு அதிகமாகச் சம்பளம் கொடுக்கிற வேலைகள்தான் இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், நம் நேரம் நம் கையில் இருக்கட்டும் என்று சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள், ராத்திரி பத்தரைக்கு வரும் "விலை என்ன?" என்ற மெசேஜுக்கு அடுத்த நொடி பதில் போட்டு, அதே மாதிரி வேலையைத் தாங்களே வீட்டுக்குள் கட்டிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸில், நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகவே பதில் போகிற வசதி இருக்கிறது, அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு ஒரு குறுஞ்சொல்லில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. "மெசேஜ்களைப் பகல் ஒரு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் பார்ப்பேன்" என்று போட்டுவிட்டு அந்த எண்ணுக்கு அறிவிப்புச் சத்தத்தை நிறுத்துங்கள். அளவு அட்டவணை, துணி வகை, அனுப்பும் செலவு, இப்போது ஆர்டர் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் படமாகப் போட்டு வைத்தால் கேள்விகளே குறையும்.

அந்த அழுகையைப் பற்றி இரண்டு வார்த்தை. தூக்கமில்லாமல் நான்கு மாதம் ஓடினால் யாருக்கும் அழுகை வரும், தூங்கினால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருக்கிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது பிரசவமான மறுவாரமே வந்தாக வேண்டும் என்றில்லை, முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம், சிகிச்சையும் இருக்கிறது. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அதை அட்டவணை போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, நிறுத்திவிடலாமா என்ற கேள்வி. சம்பள வேலையில் இருக்கிறவர்களுக்கு 14 வாரமாவது பேறுகால விடுப்பு வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. சொந்தத் தொழில்காரிக்கு அப்படிக் கொடுக்க முதலாளி கிடையாது, அதனால் நிறுத்துவது, குறைப்பது, தொடர்வது மூன்றையும் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் குறைத்துப் பாருங்கள் என்பேன். இப்போது கையில் இருக்கும் ஆர்டர்களை முடிக்கும்வரை புதிது எடுக்காதீர்கள், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிறகு விலையை ஏற்றி, மாடலைக் குறைத்து, வாரம் ஆறு என்று திறங்கள். எட்டு வாரம் ஓட்டுங்கள். அதில் ராத்திரி வேலை ஒன்றிரண்டு நாளோடு நின்றுவிட்டது, தேதி தவறவில்லை, மணி நேரக் கணக்கில் கூலியும் கட்டுப்படியாகிறது என்றால் தொடர்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். ஆறுகூட முடியவில்லை, குழந்தையைப் பார்க்க ஆள் கிடைக்கவே இல்லை, உடம்பும் தேறவில்லை என்றால் நிறுத்துவதில் ஒரு வெட்கமும் இல்லை.

நிறுத்தினால் சத்தமில்லாமல் காணாமல் போகாதீர்கள். வாங்கிய அட்வான்ஸுக்கு உடையைக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், "இன்ன மாதம் வரை புது ஆர்டர் எடுக்கவில்லை, திறக்கும்போது உங்களுக்கு முதலில் சொல்கிறேன்" என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். பேட்டர்ன்களையும், யார் வீட்டுக் குழந்தைக்கு எந்த வயதில் என்ன அளவு தைத்தீர்கள் என்ற குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் திரும்ப வரும்போது அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு அளவு பெரிய உடை தேவைப்படும், அந்தப் பட்டியல்தான் உங்கள் முதல் மாத வியாபாரம்.